இரண்டாம் முறை கட்டிய குச்சு

"புதுசா?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். நிறம் உனக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லலாம். அதெல்லாம் வராது. ஒரு துணியைப் பார்த்ததும் நம் ஜனங்களின் வாயில் முதலில் வருவது அந்த ஒரு சொல்தான். ஆரணியில் அதற்கும் ஒரு படி மேலே. கேட்டுக்கொண்டே கையை நீட்டி முந்தியைப் புரட்டிப் பார்த்துவிடுவார்கள். பட்டு நெய்கிற ஊரில் எல்லார் விரலுக்கும் ஒரு திமிர் உண்டு.

என் விரலுக்கும் உண்டு. நான் பட்டுப் புடவைக்குக் குச்சு கட்டுகிறவள். தறியிலிருந்து இறங்கும் புடவையின் முந்தி ஓரத்தில், நெய்யாமல் விட்ட நூல் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கும். அதைப் பிடிப்பிடியாகப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு, நுனியைச் சமமாக நறுக்கினால் அது குச்சு. எங்கள் வீட்டுத் தொழில் இல்லை இது. என் அப்பாவும் அம்மாவும் கண்ணமங்கலம் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு எதிர்வீட்டில் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். கட்டில் கம்பியில் முந்தியைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு நாளைக்கு இரண்டு புடவை முடிப்பேன். இத்தனை வருஷத்தில் என் கை படாத நிறம் கிடையாது.

இவ்வளவு புதுப் புடவை வீட்டுக்குள் வந்து போகிறதே, நீ என்ன கட்டுகிறாய் என்று கேட்பார்கள். நான் பழசு கட்டுகிறேன். என் பெண்ணுக்கு இரண்டு வயது இருக்கும்போது ஆரம்பித்த பழக்கம். தீபாவளிக்கு எடுத்த புதுப் பாவாடையைப் போட்டுவிட்டேன், சாயங்காலத்துக்குள் குழந்தையின் இடுப்பு முழுக்கத் தடிப்பு. அதைத் துவைத்த வாளியில் தண்ணீர் ரத்தமாக நின்றது. கூட ஊறவைத்த வெள்ளைச் சட்டை இரண்டும் போயிற்று. எங்கள் தெரு சாக்கடையில் அந்தத் தண்ணீரை ஊற்றும்போதுதான் பார்த்தேன், அங்கே ஏற்கனவே நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. சாயப் பட்டறைத் தண்ணீர். ஒரு நாள் நீலம், ஒரு நாள் பச்சை. ஆடித் தள்ளுபடி வந்தால் எல்லா நிறமும் கலந்து ஓடும். கொசு கூட அதில் முட்டை போடாது. அதைத் தாண்டிக் குதித்துத்தான் ஊரே புதுத் துணி எடுக்கப் போகும்.

அன்றிலிருந்து வேலூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் பழைய துணிக் கடைதான் எனக்கு ஜவுளிக் கடை. பஸ் பிடித்துப் போய், காலையில் கடை திறக்கும்போதே உட்கார்ந்துவிடுவேன். பழசில் பொய் கிடையாது. வெளுக்கிற சாயம் வெளுத்திருக்கும், சுருங்குகிற துணி சுருங்கியிருக்கும், பிரிகிற தையல் பிரிந்திருக்கும். அத்தனையும் தாண்டி நிற்கிற துணியை நான் எடுத்துக்கொண்டு வருவேன். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். அவர் போடுகிற பருத்திச் சட்டைகள் எல்லாம் எங்களால் கடையில் எடுக்கவே முடியாத சட்டைகள். என் பெண் பழைய சுடிதாரில் காலேஜ் முடித்து, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். கிழியுமே, அழுக்காகுமே என்று எந்தத் துணிக்கும் பயந்து நாங்கள் வாழ்ந்ததில்லை.

ஆனால் வெளியே சொல்லக்கூடாது. அதுதான் எனக்கு எரிச்சல். யாரோ கட்டியது, யாரோ வேர்த்தது, தோஷம் ஒட்டும், தரித்திரம் பிடிக்கும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதே ஆட்கள் கல்யாணத்தில் பொண்ணுக்கு வாடகை நகை செட்டுப் போடுவார்கள். மாப்பிள்ளைக்கு வாடகைக் கோட்டு. அந்தக் கோட்டை முன்னே எத்தனை பேர் போட்டு, எத்தனை பேர் வேர்த்து, எத்தனை பேர் அதிலேயே சாம்பார் சிந்தியிருப்பார்கள்? அதற்கு ஒருத்தரும் மூக்கைச் சுளிக்கமாட்டார்கள். இதை நான் வீட்டில் சொல்லாத நாள் கிடையாது. என் பெண் சின்னதிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்தாள்.

அந்த அரக்குப் புடவை கிடைத்தது போன வருஷம். அந்த வேலூர்க் கடைக்கார பாய், பட்டுப் புடவைகளைத் தனியாக ஒரு சாக்கில் திணித்து வைத்திருப்பார். ஜரிகை வாங்குகிறவர் வந்து எடுத்துப்போவார். கொளுத்தி, சாம்பலில் இருந்து வெள்ளியைப் பிரிப்பார்கள். கட்ட ஆள் இல்லாத பட்டுக்கு அதுதான் கதி. அன்றைக்குச் சாக்கின் வாயில் ஒரு கரை தெரிந்தது. அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை. இழுத்துப் பார்த்தேன். ஜரிகையை நகத்தால் சுரண்டினேன், உள்ளே சிவப்புப் பட்டு நூல். சுத்த ஜரிகை. ஆரணித் தறி என்று என் கைக்குத் தெரியும். எத்தனை வருஷத்துப் புடவையோ, ஜரிகை ஒரு இடத்தில்கூடக் கறுக்கவில்லை. முந்தியில் சாதாக் குச்சு. மணி இல்லை, முத்து இல்லை. ஒவ்வொரு முடிச்சும் ஒரே அளவில், யாரோ ஒரு பொம்பளை பொறுமையாக உட்கார்ந்து போட்டது.

"பாய், இதைப் போய் கொளுத்தக் குடுக்கிறீங்களே, மனசு வருதா?" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

"கேக்கிறவங்க யாரும்மா? பட்டுன்னா புதுசுதான் வேணும்ங்கிறாங்க. நீ கட்டிகினா எடுத்துகினு போ" என்றார் பாய்.

எனக்காகத்தான் எடுத்தேன். வீட்டில் பிரித்துக் காட்டியதும் என் பெண் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அப்போதுதான் அவளுக்குப் பெரணமல்லூரில் ஒரு இடம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை பேங்கில் வேலை. நிச்சயதார்த்தத்துக்குப் பொண்ணு முதலில் தாய்வீட்டுப் புடவையில் வந்து உட்கார வேண்டும். அப்புறம் அவர்கள் தட்டில் வைத்துக் கொடுக்கும் புடவையை மாற்றிக்கொண்டு வர வேண்டும்.

"நிச்சயத்துக்கு நான் இதையே கட்டிக்கிறேம்மா. புதுசு எதுவும் எடுக்காத. ஆனா ஒண்ணு, யாரு கேட்டாலும் பழசுன்னே சொல்லணும். மறைக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிடு, நான் கட்டிக்கல" என்றாள்.

"நான் எதுக்குடி மறைக்கிறேன்? ஊரு முழுக்கச் சொல்வேன்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, நான் கட்டிலருகே உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதை நான் அதற்கு முன்னே கேட்டதில்லை. அவருடைய அம்மா வேலை செய்த நிலக்காரர் வீட்டில் பழைய துணி கொடுப்பார்களாம். கையில் தரமாட்டார்கள், வாசலில் போடுவார்கள். அதில் ஒரு கோடு போட்ட சட்டையை இவர் நாலாவது படிக்கும்போது போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறார். அந்த வீட்டுப் பையனும் அதே வகுப்பு. வாத்தியார் பாடம் நடத்தும்போது எழுந்து நின்று, "சார், அவன் போட்டுகினு இருக்கிறது என் சட்டை" என்று சொல்லியிருக்கிறான். வகுப்பே சிரித்ததாம்.

"நான் போடுற சட்டை பழசா இருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. இத்தினி வருஷமா நீ குடுக்கிறதைப் போட்டுகினுதான இருக்கிறேன். ஆனா எம் பொண்ணு நாலு பேரு முன்னாடி உக்காந்துகினு இருக்கும்போது எவளாவது கை நீட்டிக் கேட்டுட்டா என்னால தாங்க முடியாதும்மே. புதுசு மாரி பண்ணிடேன்" என்றார்.

வாசலில் போட்ட பழசு வேறு, நானே போய்ப் பொறுக்கி எடுத்த பழசு வேறு. அதை அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்தான் எனக்கு ஒரு முழம் ஆயிற்றே. ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்ததும் சரி, பண்ணிவிடுகிறேன் என்றுதான் வந்தது. அந்த நிலக்காரர் வீட்டின் மேல் வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஊசியை விரலில் குத்திக்கொண்டேன். அவர்கள் சட்டையைக் கையில் கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

அடுத்த நாள் பெண் வேலைக்குப் போன பிறகு புடவையை எடுத்தேன். பாலிஷ் போடக் கொடுத்து வாங்கியாயிற்று, உடலில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்தச் சாதாக் குச்சுதான் பழைய மாடலாக இருந்தது. இப்போது அப்படி யாரும் கட்டுவதில்லை. சின்ன ஊசியால் ஒவ்வொரு முடிச்சாகக் குத்திப் பிரித்தேன். இறுகிப் போய்ப் பிரியாததை வெட்டினேன். முறுக்கை நீவி, தண்ணீர் தொட்டுச் சீவி, இப்போதைய மோஸ்தரில் முத்து கோத்துப் புதிதாகக் கட்டினேன். நாள் முழுக்க ஆயிற்று. முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது, என்ன சொல்ல.

பெண் வந்து பார்த்தாள். "ஏம்மா மாத்தின?" என்றாள்.

"சும்மா, அழகுக்குத்தான்" என்றேன்.

நிச்சயதார்த்தத்துக்கு ஒரு சின்ன ஹால் பிடித்திருந்தோம். காலை பத்து மணிக்கெல்லாம் கூட்டம் நிறைந்துவிட்டது. அரக்குப் புடவையில் என் பெண் வந்து உட்கார்ந்தாள். பெற்றவள் சொல்லக்கூடாது, ஆனால் ஹாலே அவளைத்தான் பார்த்தது. மாப்பிள்ளையின் அக்கா ஆரணியிலேயே வாழ்க்கைப்பட்டவள். வீட்டில் பட்டுப் புடவை வாங்கி வைத்து, தினமும் போனில் லைவ் போட்டு விற்கிறாள். "புத்தம் புது கலெக்‌ஷன்" என்று அவள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். பூ வைக்க வந்தவள், தோளில் சரிந்த முந்தியைச் சரிசெய்வது மாதிரி எடுத்தாள். எடுத்தவளின் கட்டைவிரல் குச்சில் போய் நின்றது.

"இன்னாது, குச்சு இவ்ளோ குட்டையா கீது?" என்றாள்.

எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. புதுப் புடவையில் நூல் ஒரு சாண் இருக்கும். குச்சு நீளமாக இறங்கும். முதல் தடவை கட்டியவள் நுனியை நறுக்கியிருக்கிறாள், நான் முடிச்சுகளையும் வெட்டி, மறுபடி நறுக்கியிருக்கிறேன். மிச்சம் இருந்தது இரண்டு விரற்கடை. அந்தப் பழைய குச்சை அப்படியே விட்டிருந்தால், இது அம்மாவுடைய கல்யாணப் புடவையாக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். இதே தொழிலில் இத்தனை வருஷம் இருக்கிற முட்டாள், நானே என் கையால் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

"இது ரெண்டாந்தபா கட்டின குச்சாச்சே. அத்தை, நீங்க குச்சு கட்றவங்கதான? நீங்களே சொல்லுங்க. யாரு புடவை இது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

பின்னாலிருந்து ஒரு குரல், "பழசா? கட்டினவங்க இருக்காங்களோ, போய்ச் சேந்துட்டாங்களோ" என்றது.

என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என் பெண் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சொல்லும்மா என்று அந்தப் பார்வையில் இருந்தது. எத்தனை வருஷமாக நான் வாய் கிழியப் பேசிய அத்தனையும் என் நாக்கு நுனியில் நின்றது. வாடகைக் கோட்டு, வாடகை நகை, சாக்கடைச் சாயம், எல்லாமும்.

"புதுசுதாம்மா" என்றேன். "மூணு வாரத்துக்கு முன்னாடிதான் எடுத்தது. தறிக்காரன் நூலைக் கம்மியா விட்டுட்டான்."

என் பொய்யோடு போகவில்லை பாருங்கள். யாரோ ஒரு நெசவாளி, குறையே இல்லாமல் நெய்த மனுஷன், அவன் தலையிலும் பழியைப் போட்டேன்.

"இல்லண்ணி" என்றாள் என் பெண். சத்தம் போடவில்லை, ஆனால் கடைசி நாற்காலி வரை கேட்டது. "பழசுதான். எங்கம்மா வேலூர்ல பழைய துணிக் கடையில பாத்துப் பொறுக்கினு வந்தது. யாரு கட்டினாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. குச்சை மட்டும் வீட்ல பிரிச்சுக் கட்டினாங்க, அதான் குட்டையா இருக்குது. தெரிஞ்சுதான் கட்டிகினு உக்காந்திருக்கேன்."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். அக்காக்காரி முந்தியைக் கையிலிருந்து விட்டாள். சம்பந்தம் இத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்போது மாப்பிள்ளை தன் கோட்டுக் காலரைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"விடுக்கா. இந்தக் கோட்டே வாடகைக்கு எடுத்தது. உள்ள வேற எவனோ பேரு எழுதி இருக்குது. எத்தினி பேரு போட்டானுங்களோ" என்றார்.

முதலில் பையன்கள் சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து கரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த ஜரிகை இப்ப எங்க கிடைக்குது? சம்பந்தியம்மாக்கு நல்ல கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பூவைத் தானே வைத்தார். நிச்சயம் நடந்தது. தட்டு மாற்றினோம்.

எல்லாரும் என் பெண்ணின் தைரியத்தைப் பேசினார்கள், மாப்பிள்ளையின் குணத்தைப் பேசினார்கள். நான் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை சொன்னது என் வார்த்தை. என் வீட்டில், என் வாயிலிருந்து என் பெண் கேட்டு, அவள் அவருக்குச் சொல்லியிருக்கிறாள். ஊர் முன்னால் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான்தான் நின்றிருந்தேன். நான் தறிக்காரனைப் பழித்துக்கொண்டிருந்தேன்.

புடவை மாற்ற அவளை அறைக்குக் கூட்டிப்போனேன். தட்டில் வந்த புதுப் புடவையைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தக் குச்சு நான் கட்டியது. இரண்டு வாரத்துக்கு முன்பு குச்சு கட்ட ஏஜென்ட் கொண்டுவந்து கொடுத்த கட்டுக்குள் இருந்த புடவை. பவர்லூம். ஜரிகையைச் சுரண்டினால் வெள்ளை நூல்தான் வரும், ஒரு மழைக்காலம் தாங்காது. ஆனால் புதுசு. இதன் முந்தியை ஒருத்தரும் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. வெளியே போய்க் கத்திவிடலாமா என்று நாக்கு பரபரத்தது. எந்த வாயால் கத்துவது? கொசுவத்தை மடித்துக் கொடுத்தேன்.

"அவங்க கேட்டது எனக்குக் கஷ்டமா இல்லம்மா. கேப்பாங்கன்னு தெரியும்" என்றாள் என் பெண், கண்ணாடியைப் பார்த்தபடியே. முந்தியைத் தானே தோளில் மடித்துப் போட்டுக்கொண்டாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் தங்கமானவர்கள். தட்டில் வந்த புடவையின் கரை ஆறே மாதத்தில் கறுத்துவிட்டதாகவும், அக்கா அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை என்றும் என் பெண் சொன்னாள். என் வீட்டுக்காரர் ஒரு நாள் தானாகவே என்னோடு பாய் கடைக்கு வந்து, தனக்கு ஒரு சட்டையை எடுத்துக்கொண்டார். கோடு போட்டது.

போன மாதம் என் பெண் அந்த அரக்குப் புடவையை ஒரு துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். லேபில் கூட வேலை செய்யும் தோழிக்குக் கல்யாணமாம்.

"இந்த முத்தெல்லாம் வேணாம்மா. முன்ன சாதா முடிச்சா இருந்துச்சே, அதே மாரி கட்டிக் குடு" என்றாள்.

கட்டில் கம்பியில் முந்தியைத் தொங்கவிட்டேன். முத்தை ஒதுக்கி, நூலை விரலில் சுற்றிப் பார்த்தேன். ஒரு சுற்றுகூட வரவில்லை. வேறு இடத்தில் பிரித்துப் பார்த்தேன், அங்கேயும் அப்படித்தான். பெயர் தெரியாத அந்தப் பொம்பளை போட்ட முடிச்சு அத்தனை வருஷம் நின்றது. அதை நான் ஒரு பகலில் வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டிருக்கிறேன்.

"இதைப் பிரிச்சா மறுபடி கட்ட நூல் இல்லடி" என்றேன்.

"அப்ப விடு. இப்படியே கட்டிக்கிறேன்" என்று புடவையை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"குச்சு குட்டையா இருக்குதேன்னு யாராவது கேட்டா?"

"சொல்லுவேன்."

"இன்னான்னு சொல்லுவ?"

"எங்கம்மா வெக்கப்பட்டுக் கட்டினதுன்னு."